மழை மாறியதா, அளந்த விதம் மாறியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பமண்டலத்தில் சென்ற ஆண்டைவிட மழை கூடியது, குறைந்தது என்று செயற்கைக்கோள் படத்தோடு வரும் செய்திகளில் ஒரு விவரம் எப்போதும் விட்டுப்போகிறது. இரண்டு ஆண்டுகளையும் ஒரே கருவி, ஒரே கணக்கில்தான் அளந்ததா? படியை மாற்றி அளந்துவிட்டுத் தானியம் குறைந்துவிட்டது என்று சொல்லக் கூடாதல்லவா?

செயற்கைக்கோள் மழையை நேராக அளப்பதில்லை. அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. உச்சி 235 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 38 செல்சியஸ்) கீழே இருந்தால் மணிக்கு 3 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்ளும் பழைய முறை, அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 2.5 பாகை கொண்ட கட்டத்தின் மாதச் சராசரிக்குப் பரவாயில்லை. ஒரு நாள் மழைக்கு உதவாது. இடிமேகம் ஓய்ந்தபின் மிஞ்சும் மெல்லிய சுருள்மேகமும் குளிர்ந்ததுதான், ஆனால் அதில் மழை இல்லை. மலைச்சரிவில் தாழ்ந்த மேகம் கொட்டித் தீர்த்தாலும் உச்சி குளிராததால் கணக்கில் வராது.

நுண்ணலைக் கருவி இதைவிட மேல். கடல் குளிர்ந்த பின்னணியாகத் தெரிவதால் மழைத்துளிகள் உமிழும் கதிர்வீச்சு எடுப்பாகத் தெரியும். நிலம் தானே பலமாக உமிழ்வதால் அங்கே அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மேகத்திலுள்ள பனித்துகள்கள் கதிர்வீச்சைச் சிதறடிப்பதை வைத்துத்தான் கீழே பெய்வதை ஊகிக்க வேண்டும். நிலத்தையும் கடலையும் சேர்த்துப் போடும் சராசரி இதனாலேயே சந்தேகத்துக்குரியது. போதாக்குறைக்கு, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் வெப்பமண்டல நிலத்தில் மழை குறைந்து கடல்மேல் கூடும். கூட்டினால் இரண்டும் பெருமளவு கழிந்துபோய், எதுவுமே நடக்காத ஆண்டு போலத் தெரியும்.

ரேடாருக்கு வேறு சிக்கல். எதிரொலியின் பலம் துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 4,096 சேர்ந்து தரும் எதிரொலியைத் தோராயமாகத் தந்துவிடும். அதிலுள்ள தண்ணீரோ 64 துளி அளவுதான். துளிகளின் அளவைத் தப்பாகக் கணித்தால் மழையும் தப்பு. 2014-ல் ஏவப்பட்ட ஜிபிஎம் என்ற மழை அளக்கும் செயற்கைக்கோள் இரண்டு அலைவரிசைகளில் பார்ப்பது இதற்காகத்தான்.

இனி ஆண்டு ஒப்பீட்டுக்கு வருவோம். விண்ணில் முதல் மழை ரேடாரைச் சுமந்த டிஆர்எம்எம் செயற்கைக்கோள் 1997 நவம்பரில் ஏவப்பட்டது. 2001 ஆகஸ்டில் எரிபொருளை மிச்சப்படுத்த அதை 350 கி.மீ. உயரத்திலிருந்து 402 கி.மீ.க்கு ஏற்றினார்கள். ரேடார் ஒரு பார்வையில் அளக்கும் வட்டம் 4.3 கி.மீ.யிலிருந்து 5 கி.மீ. ஆனது, எதிரொலி சுமார் 1.2 டெசிபெல், அதாவது ஏறக்குறைய கால் பங்கு, தளர்ந்தது. மெல்லிய மழையில் ஒரு பகுதி கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஏற்றுவதற்கு முன்போ 1997-98 எல் நினோ, அடுத்து அதற்கு நேர்மாறாகப் பசிபிக் குளிரும் லா நினா. உயர மாற்றத்தைச் சரிசெய்யாத தரவில் 1998-ஐயும் 2002-ஐயும் ஒப்பிட்டால், தெரியும் வித்தியாசத்தில் பசிபிக் கடலின் பங்கு எவ்வளவு, சுற்றுப்பாதையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. ஜிபிஎம்மையும் 2023 நவம்பரில் மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

பல செயற்கைக்கோள்களின் அளவுகளைச் சேர்த்து நாசா தரும், இன்று அதிகம் புழங்கும் ஐமெர்க் தரவில் நடக்கும் பிழை இன்னும் சாதாரணமானது. சுமார் 4 மணி நேரத்தில் வரும் முதற்பதிப்பு வேறு, மாத மழைமானி அளவுகளோடு பொருத்தி மூன்றரை மாதம் கழித்து வரும் இறுதிப்பதிப்பு வேறு. பழைய ஆண்டுகளுக்கு இறுதிப்பதிப்பு, நடப்பு ஆண்டுக்கு முதற்பதிப்பு என்று ஒட்டுப்போட்டால் கோடு கடைசியில் துள்ளும் அல்லது விழும். அதைத் தலைப்புச் செய்தியாக்குவது அநியாயம்.

மழைமானியோடு ஒப்பிடுகிறவர்களும் கட்டத்தின் அளவை மறக்க வேண்டாம். 20 செ.மீ. வாய் கொண்ட மானி 314 சதுர செ.மீ.யில் விழுவதைப் பிடிக்கிறது. ஐமெர்க் கட்டம் நிலநடுக்கோட்டருகே சுமார் 120 சதுர கி.மீ., கிட்டத்தட்ட 400 கோடி மடங்கு. ஒரே மானியின் ஒரு நாள் அளவு ஒத்துப்போகவில்லை என்று செயற்கைக்கோளைத் திட்டுவது வீண். பல மானிகள், ஒரு மாதம் என்று எடுத்தால் பேசலாம்.

மழைப் படம் போடும்போது தரவின் பெயர், பதிப்பு எண், முதற்பதிப்பா இறுதிப்பதிப்பா என்ற மூன்றையும் படத்தின் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்