ஒருதடவை டெங்கு வந்தா அப்புறம் பயமே இல்லையாமே!

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்துல, டெங்கு வந்து குணமானவங்களுக்கு எதிர்ப்பு சக்தி உருவாகிடும், மறுபடி பயப்பட வேண்டாம்னு கட்டம் கட்டி போட்டிருந்தீங்க. ரொம்ப சந்தோஷம். இதே நினைப்புலதான் எங்க அக்கா மகன் ஐசியூ வரைக்கும் போனான்.

ஸ்கூல்ல படிக்கிறப்ப அவனுக்கு ஒருதடவை வந்துச்சு, சாதாரண காய்ச்சலாட்டம் போயிடுச்சு. அப்புறம் காலேஜ் ஹாஸ்டல்ல மறுபடி காய்ச்சல், வார்டன்ல இருந்து பாட்டி வரைக்கும் "அதான் ஏற்கனவே வந்தாச்சே, இது வேற காய்ச்சல்"னு படுக்க வச்சுட்டாங்க, காய்ச்சல் இறங்கினதும் எல்லாருக்கும் நிம்மதி, அன்னைக்கு ராத்திரியே வயித்துவலி, வாந்தி, கைகால் சில்லுனு ஆயிடுச்சு. டெங்குல காய்ச்சல் இறங்குற நேரம்தான் ஆபத்தே. நான் லேப் டெக்னீஷியன் சார், இப்ப டெங்கு இருக்குன்னு காட்டுற என்எஸ்1 டெஸ்ட் பாசிட்டிவ், கூடவே முன்னாடி வந்ததை காட்டுற ஐஜிஜி ஆன்டிபாடி அந்த உசரத்துல நின்னதை பாத்ததுமே ரெண்டாவது தடவைன்னு வயித்த கலக்கிடுச்சு.

டெங்கு வைரஸ்ல நாலு வகை இருக்குன்னு உங்களுக்கு தெரியாததா? முதல்தடவை எந்த வகை வந்துச்சோ அதை நம்ம உடம்போட காவல் அணுக்களான பி செல்லும் டி செல்லும் ஆயுசுக்கும் ஞாபகம் வச்சுக்கும், வாஸ்தவம். ஆனா மத்த மூணு வகைக்கு அந்த பாதுகாப்பு கொஞ்ச மாசம்தான். அதுக்கப்புறம் வேற வகை வந்தா முதல்தடவை உடம்பு உண்டாக்கின பழைய ஆன்டிபாடி (கிருமியை புடிக்கிற புரதம்) போய் ஒட்டிக்கும், ஆனா வைரஸை முடக்காது. ஆன்டிபாடி ஒட்டின எதையும் விழுங்குற வெள்ளையணு அதையும் உள்ள இழுத்துக்கும், வைரஸ் அங்கேயே உக்காந்து பெருகும். கேட்ல நிக்கிற வாட்ச்மேனே திருடனை கையை புடிச்சு உள்ள கூட்டிட்டு போன கதை. ரெண்டாவது தடவை வர்ற எல்லாருக்கும் முத்திடாது, பல பேருக்கு லேசா போயிடும்தான், அதுக்காக பயப்படவே வேண்டாம்னு எழுதலாமா? கியூபால 1977ல முதல் வகை பரவுச்சு, 1981ல ரெண்டாவது வகை வந்தப்ப 158 பேர் செத்தாங்க. பிலிப்பைன்ஸ்ல 8 லட்சத்துக்கும் மேல புள்ளைங்களுக்கு டெங்வாக்சியாங்கிற டெங்கு தடுப்பூசி போட்ட பிறகு, அதுவரை டெங்குவே வராத புள்ளைங்களுக்கு பின்னாடி வந்தா கடுமையாகலாம்னு 2017ல கம்பெனியே சொல்லுச்சு, அந்த திட்டத்தையே நிறுத்தினாங்க.

அந்த கட்டத்துக்கு நேர் கீழயே "எதிர்ப்பு சக்தி பெருக தினம் ஒரு ஸ்பூன்"னு பவுடர் விளம்பரம், அது தற்செயல்தான்னு நம்புறேன். எந்த சக்தி சார், எந்த கிருமிக்கு? அம்மை ஊசி அம்மைக்கு, போலியோ சொட்டு போலியோவுக்கு, ஒரு ஸ்பூன் பவுடர் மட்டும் எல்லாத்துக்குமா? கொரோனா சமயத்துலயும் பக்கம் பக்கமா இதேதான். போன மழைக்கு பப்பாளி இலைச்சாறு குடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு லேட்டா வர்றவங்களை பத்தி ஒரு கடிதம் போட்டேன், உங்க குப்பைக்கூடைக்காவது உபயோகப்பட்டிருக்கும். அந்த வாரம் இட்லி மாவு புளிக்காம இருக்க வழி கேட்ட வாசகிக்கு கால் பக்கம் பதில்.

பெரிய கட்டுரையெல்லாம் கேக்கல. அதே பக்கத்துல, அதே சைஸ் கட்டத்துல, "டெங்கு மறுபடியும் வரலாம், முன்னாடி வந்தவங்க காய்ச்சல்னா உடனே டெஸ்ட் எடுங்க, காய்ச்சல் விட்டாலும் ரெண்டு நாள் கவனமா இருங்க"னு போடுங்க, போதும். பவுடர் விளம்பரத்துக்கு மேலயே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
உங்க பழைய சந்தாதாரர்