வாசி இல்லாத காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளையும் ஆன்மிகத்தையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் இந்து சிந்தனையில் பொருள் தேடுவது மாயை, அதிலிருந்து விலகுவதே வழி என்று கட்டுரை போய்ச் சேரும் இடத்தில் எனக்கு வழக்கு இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஊரார் பணத்தை எண்ணியவன் நான். அதற்காகப் பணத்துக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

காசிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திருவீழிமிழலையில் பஞ்சம். ஞானசம்பந்தரும் நாவுக்கரசர் என்கிற அப்பரும் அடியார்களோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்குச் சோறு போட வேண்டும். ஆளுக்கொரு காசு என்று சிவபெருமான் தினமும் பீடத்தில் வைத்துவிடுகிறார். கிழக்குப் பீடத்துக் காசு சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்துக் காசு அப்பருக்கு. அப்பர் மடத்தில் காலாகாலத்தில் பந்தி நடக்கிறது; சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. ஏன் என்று சம்பந்தர் விசாரிக்கிறார். உங்கள் காசுக்குக் கடையில் வாசி பிடிக்கிறார்கள், அப்பர் காசுக்கு அது கிடையாது என்று பதில் வருகிறது. வாசி என்றால் மாற்று, அதாவது உலோகத் தரம், குறைந்த காசுக்குக் கழித்துக்கொள்கிற தொகை. அப்பர் உழவாரம் என்கிற புல் செதுக்கும் கருவியைப் பிடித்து உடம்பு நோகக் கைத்தொண்டு செய்கிறவர், அதனால்தான் அவருக்கு வாசி இல்லாத காசு என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் காரணம் சொல்கிறார்.

இந்த இடத்தில் சம்பந்தர் காசு மாயை என்று பாடியிருக்கலாம். அவர் பாடியது "வாசி தீரவே காசு நல்குவீர்". கொடுக்கிற காசை நல்ல காசாகக் கொடும் என்று இறைவனிடமே கேட்கிறார். நல்ல காசும் வந்தது.

சுந்தரர் இதற்கும் ஒரு படி மேலே. திருமுதுகுன்றத்தில் இறைவன் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆற்றில் போடுவதற்கு முன்னால் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். ஆரூரில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. விடவில்லை. மறுபடியும் பாடி, மாற்றுச் சரியான பிறகுதான் கரையேறினார். கடவுளே கொடுத்தாலும் மாதிரி எடுத்து வைத்துக்கொள்கிற அந்தக் கவனத்தை எங்கள் வங்கியின் தணிக்கைப் பிரிவில் இருந்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

அதே பெரியபுராணத்தில்தான், திருப்புகலூரில் அப்பர் உழவாரம் செய்கிற இடத்தில் பொன்னும் மணியும் கிடக்க, கல்லோடு கல்லாக அவற்றையும் வாரிக் குளத்தில் எறிகிறார். அடியார்களுக்கு இலக்கணம் சொல்லும்போது "ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்" என்று எழுதிய அதே சேக்கிழார்தான் சுந்தரர் பொன்னை உரைத்துப் பார்த்ததையும் எழுதுகிறார். இரண்டு பேரையும் அவர் ஒரே வரிசையில் உட்கார வைத்ததை நான் முரண்பாடு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அப்பருக்குப் புகலூரில் அந்தப் பொன்னால் ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. வீழிமிழலையில் இருந்தது, அங்கே அவரும் காசை வாங்கிக்கொண்டார்.

கட்டுரையாளர் குறளையும் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். 133 அதிகாரங்களில் பொருட்பாலுக்கு மட்டும் 70. அந்தப் பால் முழுக்கப் பணத்தைப் பற்றியது இல்லை. அரசு, அமைச்சு, நட்பு எல்லாம் அதில் அடக்கம். நேராகப் பணம் சேர்ப்பதைப் பேசுவது பொருள்செயல்வகை என்ற ஓர் அதிகாரம்தான். ஆனால் அதில் "செய்க பொருளை" என்று கட்டளையாகவே வருகிறதே, அதை என்ன செய்வது? வீடுபேற்றுக்கென்று தனியாக ஒரு பாலே இல்லையே என்றும் கேட்கலாம். துறவு அறத்துப்பாலுக்குள் இருக்கிறது என்று யாராவது எழுதுவார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பணமே பெரிது என்கிற எதிர்த் தரப்பினரும் குறளை வளைக்கிற விஷயத்தில் சளைத்தவர்கள் இல்லை. "பொருளிலார்க்கு இவ்வுலகம் இல்லை" என்பதைப் பாதியாக வெட்டி எடுத்து, வள்ளுவரே பணம்தான் எல்லாம் என்று சொல்லிவிட்டார் என்பார்கள். அந்தக் குறள் இருப்பது அருளுடைமை அதிகாரத்தில். அருள் இல்லாதவருக்கு அவ்வுலகம் இல்லை என்பதுதான் அங்கே சொல்ல வந்தது. அவ்வுலகம் யார் கண்ணிலும் படாதது. கையில் காசில்லாதவன் இவ்வுலகத்தில் படுகிற பாடு எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததைக் காட்டித் தெரியாததைப் புரியவைக்கிறார். வெட்டி எடுத்தவர்கள் உவமையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உபநிடதங்களில் இந்தச் சிக்கல் இன்னும் அழகாக இருக்கிறது. ஜனகர் சபையில் ஆயிரம் பசுக்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றின் கொம்பிலும் பொன் கட்டியிருக்கிறது. உங்களில் பிரம்மத்தை மிக நன்றாக அறிந்தவர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார் அரசர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாக்ஞவல்கியர் என்ற முனிவர் தம் சீடனைக் கூப்பிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போ என்கிறார். சபையில் கொதிப்பு. நீர்தான் எங்களில் பெரிய ஞானியோ என்று கேட்டதற்கு, ஞானிக்கு நம் வணக்கம், நமக்கு வேண்டியது மாடுகள்தான் என்று பதில் சொல்கிறார். பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார வைக்கிறார் என்பது வேறு விஷயம்.

இந்தக் கதை வருகிற பிருஹதாரண்யக உபநிடதத்திலேயே அதே மனிதர் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். கிளம்புமுன் சொத்தை இரண்டு மனைவியருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறார். உலகம் முழுவதும் செல்வத்தால் நிறைந்து என்னுடையதானால் நான் மரணமற்றவள் ஆவேனா என்று அவர்களில் ஒருத்தியான மைத்ரேயி கேட்க, இல்லை, வசதி உள்ளவர்களின் வாழ்க்கை கிடைக்கும், செல்வத்தால் மரணமின்மை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை என்கிறார். எவ்வளவு நேரான பதில்! செல்வத்தை அவர் திட்டவில்லை. அதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று மட்டும் சொல்கிறார்.

மைத்ரேயியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். இன்னொரு மனைவி காத்யாயனியைப் பெண்களுக்குள்ள சாதாரண அறிவு உடையவள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது உபநிடதம். அந்த வரி என்னை எப்போதும் உறுத்தும்.

கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன், எமன் நீட்டிய யானை, குதிரை, பொன், நீண்ட ஆயுள் எல்லாவற்றையும் நீரே வைத்துக்கொள்ளும் என்று தள்ளியதைக் கட்டுரையாளர் சரியாகவே சொன்னார். அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். அப்பா தானம் செய்கிறார். கொடுப்பதெல்லாம் புல் தின்று, தண்ணீர் குடித்து, பால் கறந்து முடிந்துபோன மாடுகள். மகனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பாவிடம் மாடு இருந்தது அவனுக்குத் தொந்தரவாக இல்லை. உதவாத மாட்டைக் கொடுத்துப் புண்ணியக் கணக்கில் வரவு வைக்கப் பார்த்ததுதான் தொந்தரவு. சம்பந்தர் காசைப்போல அதுவும் வாசி பிடிக்கிற சரக்குதான்.

இன்றைக்கு வாசி அதிகமாகியிருப்பது ஆன்மிகத்தின் பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த எந்திரத்தை வீட்டில் மாட்டினால் செல்வம் கொட்டும் என்கிற விளம்பரத்தை விடுங்கள், அது பழைய வியாபாரம். இப்போது நிம்மதியும் ஒரு சாதனை ஆகிவிட்டது. கைபேசிச் செயலி சொல்கிறது, தொடர்ந்து நூறு நாள் தியானம் செய்துவிட்டீர்கள் என்று. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். ஒரு நாள் தவறிக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் மனம் உடைகிறது. சம்பள உயர்வு கிடைக்காதவனின் துக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கீதையில் கண்ணன், பொருள் வேண்டித் தன்னிடம் வருகிறவனையும் ஞானியோடு சேர்த்து நான்கு வகைப் பக்தர்களில் ஒருவனாக எண்ணி, எல்லோரும் மேலானவர்களே என்கிறார். அவனாவது எனக்குப் பொருள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறான்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு அறுபது இருக்கும். ஆசிரமத்தில் நிரந்தரமாகத் தங்கப் போகிறாராம். தன் பெயரில் இருந்த ஃபிக்ஸட் டெபாசிட்டுகளை முடித்து மனைவி பெயரில் போட வேண்டும் என்றார். ஒன்றுக்கு முதிர்வு ஏழு மாதம் பாக்கி இருந்தது. இப்போது முடித்தால் வட்டி குறையும் என்றேன். சண்டைக்கு வந்துவிட்டார். என் பக்கத்திலிருந்த கால்குலேட்டரை இழுத்துத் தானே தட்டிப் பார்த்தார், இரண்டாம் முறையும் தட்டினார். வரிசையில் நின்ற ஒருவர், "சாமியாராப் போறவருக்கு வட்டி எதுக்கு?" என்றார். அது இவர் காதிலும் விழுந்திருக்கும். திரும்பவில்லை. "சார், எனக்கில்ல, இவங்களுக்கு. ஒரு ரூபாகூடக் குறையக் கூடாது" என்றார்.

நானும் அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில், அந்த ஒன்றை மட்டும் முடிக்காமல் விட்டுவிட்டு, மாத வட்டியை மனைவி கணக்கில் வரவு வைக்க எழுதி வாங்கினேன். மடியில் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்துப் போட வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்:

"வட்டி மாசாமாசம் எந்தத் தேதியில வரும் சார்?"

சொன்னேன். பையிலிருந்து சின்ன டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்