திருப்புறம்பியம் போய் வந்தேன்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே குறுவை அறுத்தாயிற்று. அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். வானமோ மூடிக்கொண்டே நிற்கிறது.

போன வாரம் பேரனோடு கும்பகோணத்துப் பக்கம் இருக்கிற திருப்புறம்பியம் போனேன். சாட்சிநாதரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், "சண்டை நடந்த இடம் எங்கே தாத்தா?" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டான். எதைக் காட்டுவேன்? வயலும் வாழையும் மண்ணியாறும்தான் இருக்கின்றன.

880 வாக்கில் இங்கேதான் பாண்டியன் இரண்டாம் வரகுணனைப் பல்லவன் அபராசிதன் எதிர்த்தான். பல்லவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதியும் நம்ம ஆதித்த சோழனும் வந்தார்கள். ஜெயித்தது பல்லவர் பக்கம். கங்கன் மட்டும் ஊர் திரும்பவில்லை. வரகுணனை வென்று உயிர்விட்டவன் என்று உதயேந்திரம் செப்பேடு அவனைப் பாராட்டுகிறது. அவனுடைய பள்ளிப்படை, அதாவது சமாதி மேல் எழுப்பிய கோயில், இதுதான் என்று ஊரில் ஓர் ஐயனார் கோயிலையும் காட்டுவார்கள்.

சரி, அவனோடு விழுந்த காலாட்கள்? இரண்டு பக்கமும் பாதிப்பேர் ஒரே பாஷை பேசினவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒருவன் பேர்கூட நமக்குத் தெரியாது. உங்கள் திருவண்ணாமலைப் பக்கம் அப்படியில்லை. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், செத்த வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் கோவிவன் என்று பேர் வெட்டியிருக்கிறதே! நம்ம டெல்டாவில் பாறை ஏது? தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. மண்ணில் விழுந்தவனை வருஷா வருஷம் வண்டல் வந்து மூடிவிடும்.

எனக்குக் கசப்பது ஆதித்தனை நினைத்தால்தான். நம்ம ஊர்க்காரன் என்று விட்டுக்கொடுக்க மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன். யாருக்காக இங்கே ஆட்களைப் பலி கொடுத்தானோ, அந்த அபராசிதனையே கொஞ்ச காலத்தில் யானை மேல் பாய்ந்து கொன்று தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான். கன்னியாகுமரிக் கல்வெட்டில் அதைப் பெருமையாக வேறு வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மண்ணியாற்றங்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தச் சேதி போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

அப்புறம், பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. எடுத்தனூர்க் கல்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு வா, பையன் கேட்கிறான். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்
மாப்ளே