மாத்திரை மாறும்போது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

மருந்து ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீங்கள் எந்த நாட்டில் இந்தப் பொறுப்பில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான்.

ஒரு நாள் காலையில் என் தங்கை உள்ளங்கையில் மாத்திரையோடு வந்து நின்றாள். "அக்கா, இது என் மாத்திரை இல்லை." அவள் மனச்சோர்வுக்காக வருடக்கணக்கில் சாப்பிட்டு வந்தது வெள்ளை, வட்டம். கையில் இருந்தது வெளிர்மஞ்சள், நீள்வட்டம். டப்பாவில் மருந்தின் பெயர் அதேதான், மில்லிகிராமும் அதேதான். கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. தப்பான மருந்தோ என்ற பயத்தில் நான்கு நாள் அவள் எதையும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாளே தலைசுற்றல். தலைக்குள் சுருக் சுருக்கென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருப்பதாகச் சொன்னாள். பிறகுதான் மருந்தாளுநரைக் கேட்டோம். "கம்பெனி மட்டும்தான் மாறியிருக்கு, மருந்து ஒண்ணுதான்" என்றார். அது உண்மை. மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் சரியானாள். அந்த ஒரு வரியை மருந்தைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் அந்த நான்கு நாள் எங்களுக்கு வந்தே இருக்காது.

ஜெனரிக் மருந்துக்கு, அதாவது காப்புரிமை முடிந்த பிறகு மற்ற கம்பெனிகள் மலிவாகச் செய்யும் அதே மருந்துக்கு, எதிராக நான் எழுதவில்லை. காப்புரிமை முடிவது எங்களைப் போன்ற குடும்பங்கள் காத்திருந்து வரவேற்கிற விஷயம். அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்துகளான ஃப்ளுவாக்ஸெட்டினுக்கு 2001-லும், எஸ்சிட்டலோப்ராமுக்கு 2012-லும், டுலாக்ஸெட்டினுக்கு 2013-லும் ஜெனரிக் வந்தது. சிகிச்சையைப் பாதியில் விடாமல் தொடர எத்தனையோ பேருக்கு அது கைகொடுத்தது. ஜெனரிக்கில் மருந்தே 20 சதவீதம் குறைவாக இருக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது தவறு. ஜெனரிக்கை அனுமதிக்கப் பார்க்கும் 80 முதல் 125 சதவீதம் என்ற எல்லை மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடைக்கானது இல்லை. இரண்டு மாத்திரைகளும் இரத்தத்தில் எவ்வளவு சேர்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் புள்ளியியல் கணக்குக்கானது. பெரும்பாலான ஜெனரிக்குகள் இதில் நன்றாகவே தேறுகின்றன.

ஆனால் தேறாத ஒன்றும் இருந்தது. உங்களுக்கு இதை எழுத வைத்ததே அதுதான். 2006 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., வெல்பியூட்ரின் எக்ஸ்எல் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு ஜெனரிக்காக புடெப்ரியான் எக்ஸ்எல்லை அனுமதித்தது. நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை அது. சோதித்தது 150 மில்லிகிராமை மட்டும். அதிக அளவு கொடுத்தால் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு வலிப்பு வரலாம் என்ற அச்சத்தில், 150-இன் முடிவையே 300 மில்லிகிராமுக்கும் பொருத்திக்கொண்டார்கள். சீக்கிரமே புகார்கள் வரத் தொடங்கின. தலைவலி, குமட்டல், போயிருந்த சோர்வு திரும்பி வந்தது. 2008-இல் அதிகாரிகள் சொன்ன பதில்: மனச்சோர்வு திரும்பத் திரும்ப வரும் நோய், அதுவே காரணமாக இருக்கலாம்.

அந்தப் பதிலைப் படிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் தன் உடம்பைப் பற்றி எது சொன்னாலும், அதை நோயின் கணக்கிலேயே எழுதிவிடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

கடைசியில் எஃப்.டி.ஏ. தானே 24 பேரை வைத்து 300 மில்லிகிராமைச் சோதித்தது. இரத்தத்தில் மருந்து சேர்ந்த வேகமும் அளவும் மூல மருந்துக்குச் சமமாக இல்லை. 2012 அக்டோபரில் அந்த மாத்திரை சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கிட்டத்தட்ட ஆறு வருடம் கழித்து, புகார் சொன்னவர்கள் சொன்னது சரி என்று ஆனது. தன் தவறைத் தானே சோதித்து வெளியில் சொன்னதற்காக அந்த அமைப்பை மதிக்கிறேன். அந்தச் சோதனை 2008-இலேயே நடந்திருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம்.

என் தங்கைக்கு வந்த மாத்திரையில் குறை இல்லை, புடெப்ரியானில் இருந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் சாப்பிடுகிறவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் ஒரே மருந்தைச் செய்யும்போது, கடைக்கு எந்தச் சரக்கு வருகிறதோ அதுவே எங்கள் கைக்கு வருகிறது. மாரடைப்புக்குப் பின் மருந்து சாப்பிடுகிறவர்களைப் பற்றி 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறியபோது 66 சதவீதமும் கூடியிருந்தது. இதயத்துக்கே இப்படி என்றால், பயமும் சந்தேகமும் நோயோடு கூடவே வருகிறவர்களின் நிலை என்ன?

ஆகவே கேட்கிறேன். தயாரிப்பாளர் மாறினால் அதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்வதைக் கட்டாயம் ஆக்குங்கள், டப்பாவின் மேலும் கண்ணில் படும்படி எழுத வையுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரை என்றால் அதிக அளவையும் சோதித்த பிறகே அனுமதி கொடுங்கள். ஒரே கம்பெனியின் மாத்திரையைப் பற்றிப் புகார்கள் குவிந்தால், நோயைக் காரணம் காட்டுவதற்கு முன் அந்த மாத்திரையை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

என் தங்கை இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். டப்பா மாறும் ஒவ்வொரு மாதமும் கம்பெனியின் பெயர், நிறம், வடிவம், அந்த வாரம் தூக்கம் எப்படி இருந்தது என்று எழுதுகிறாள். உங்களுக்கு உதவும் என்றால் அதன் நகலை அனுப்பத் தயாராக இருக்கிறாள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா