கன அடியில் சொல்லாதீர்கள், சுவர்க் கோட்டில் சொல்லுங்கள்

சென்னை மாநகராட்சியின் 200 வார்டு உறுப்பினர்களுக்கும், அடையாற்றங்கரைத் தெருக்களின் மகளிர் குழுவினர் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள் என்பது இன்று ஊருக்கே மனப்பாடம். அந்த எண்ணை அன்றைக்கே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தாலும், ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் அதை வைத்து என்ன செய்வார்? பீரோவைத் தூக்குவதா, பாட்டியைத் தூக்குவதா?

அதனால் முதல் வேண்டுகோள் பெயின்ட் டப்பா சம்பந்தப்பட்டது. தெருவுக்கு ஒரு சுவரில் 2015 வெள்ளம் நின்ற உயரத்துக்குச் சிவப்புக் கோடும், 2023 மிக்ஜாம் புயலின்போது நின்ற உயரத்துக்கு நீலக் கோடும் போட்டுத் தாருங்கள். எச்சரிக்கை வரும்போது ‘நீலக் கோடு வரை வரலாம்’ என்று சொன்னால் போதும். உள்ளூர் மழையைப் பொறுத்து முன்பின் ஆகும்தான். ஆனாலும் எந்த வீட்டை முதலில் காலி செய்வது என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

அந்த எச்சரிக்கையோடு வீட்டுக்கு வீடு போகப் புதிதாக அமைப்பு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே கூடுகின்றன, கணக்கு எழுதுகின்றன. 20 வீட்டுக்கு இரண்டு பெண்கள் என்று பிரித்தால் போதும். ஒருவர் தரைத்தளம், இன்னொருவர் மாடி. இரண்டு பேரும் தரைத்தளமாக இருந்தால் தண்ணீர் ஏறியதும் முதலில் மாட்டிக்கொள்வது அவர்கள்தான்.

இவர்கள் வைத்திருக்க வேண்டியது ஒரு நோட்டு. யார் எந்த மாடி, யாருக்கு எந்த மாதம் பிரசவம், டயாலிசிஸ் எந்தக் கிழமை, இன்சுலின் போடுபவர், படுத்த படுக்கையாக இருப்பவர், ஆக்சிஜன் இயந்திரத்தில் இருப்பவர். பென்சிலில் எழுத வேண்டும், வாடகை வீடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்த மாதிரிப் பட்டியல்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: வீட்டு உரிமையாளர் பெயர் இருக்கும், குடியிருப்பவர் பெயர் இருக்காது. மொட்டை மாடி ஷெட்டில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். நோயைப் பற்றிய விவரம் நோட்டுக்காரர் இருவரைத் தாண்டக் கூடாது, கட்சி பூத் பட்டியலாக மாறவே கூடாது. இரண்டு படி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மாடியில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு நல்லதுதான், கைபேசி கோபுரத்துக்குக் கரண்ட் இருக்கும் வரைக்கும். அதற்குப் பிறகு விசில்தான்: ஒரு ஊதல் ‘நலம்’, மூன்று ஊதல் ‘உதவி’.

மற்றவை சில்லறை வேலைகள், ஆனால் மறந்தால் வலிக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிநீர் என்றால், நால்வர் குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு கேன். தெருவில் தண்ணீர் நின்றால் தரைத்தளக் கழிப்பறை வழியாகச் சாக்கடை பொங்கும். பேசினுக்குள் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பையை அழுத்தி வைக்க வேண்டும். பிளக் பாயின்ட்டைத் தண்ணீர் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரையும் சேர்த்து, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இன்சுலினை டப்பாவில் மூடி, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைக்கலாம். இடுப்பளவு ஓட்டத்தில் புடவை காலைச் சுற்றும், அதைவிடச் சுடிதார் நல்லது. 2023-இல் பாலுக்குப் பட்ட பாட்டை நினைத்து, கைக்குழந்தை உள்ள வீடுகளில் என்ன கையிருப்பு என்பதையும் நோட்டில் குறிக்க வேண்டும்.

சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளத் தண்ணீர் கலந்த சம்ப்பில் பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிப் பயனில்லை, கலங்கல் அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முழுதாக இறைத்து, தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். குடிக்க எடுப்பதைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். வாய் திறந்த மூட்டையில் பவுடர் வீரியம் இழந்துவிடும், ஆகவே சிறு பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதித் தாருங்கள். தெருவோரம் வெள்ளைக் கோடாகத் தூவுவது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

உணவுப் பொட்டலம் பிரதான சாலையோடு நின்றுவிடுவதும் வழக்கம். சாம்பார் சாதம் சந்துக்குள் வந்து சேர்வதற்குள் ஊசிப்போகும், புளியோதரை இரவு வரை தாங்கும். பொட்டலங்களோடு சானிட்டரி நாப்கினும் வரட்டும்.

சரிபாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மன்றம் உங்களுடையது, இதை நீட்டி விளக்க வேண்டியிருக்காது. மோட்டார் வைத்து இறைக்கும் தண்ணீரை எங்கே விடுவது என்பதையும் எங்களோடு பேசி முடிவு செய்யுங்கள். நிரம்பிய வடிகாலிலேயே விட்டால் அது அடுத்த தெரு வழியாகத் திரும்பி வரும்.

செப்டம்பர் முடிவதற்குள் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையைக் கூட்டுங்கள், நோட்டோடு வருகிறோம். நிவாரண முகாமாகும் பள்ளி எது, இரவு இரண்டு மணிக்கு அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதை அன்றே எழுத்தில் வேண்டும். ஒரு மாற்றுச் சாவி மாடி வீட்டு நோட்டுக்காரரிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அடையாற்றங்கரைத் தெருக்களின் மகளிர் குழுவினர்