கமடோர் 64 பெயரில் இருப்பது பிட் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீட்டுக் கணினிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன், படங்கள் அருமை. ஆனால் கமடோர் 64 என்பதில் உள்ள எண் அது 64 பிட் கணினி, அதாவது செயலி ஒரே நேரத்தில் 64 பிட் தரவைக் கையாளும் கணினி, என்பதைக் குறிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 1996-இல் வந்த நிண்டெண்டோ 64-இன் பெயரில் இருப்பது பிட் கணக்குதான், அதனால் பலர் இதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். கமடோர் 64 வந்ததோ 1982-இல். அதன் 6510 செயலி 8 பிட், வேகம் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ்.

அந்த 64, நிரல் ஓடும்போது அதுவும் அதன் தரவும் தங்கும் ராம் நினைவகத்தின் அளவு. 64 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூடப் போதாது, ஆனால் அன்று நினைவகம் விலை உயர்ந்த பொருள். கமடோர் நிறுவனம் அதற்குமுன் விற்ற விக் 20 கணினியில் இருந்தது 5 கிலோபைட்தான். புதிய கணினியையும் முதலில் தங்களுக்குள் விக் 40 என்றுதான் அழைத்தார்கள். அப்புறம், ஓர் எழுத்தும் நினைவக அளவுமாகத் தங்கள் அலுவலகக் கணினிகளுக்குப் பெயர் வைத்த முறையிலேயே இதையும் சி64 ஆக்கினார்கள். விலை 595 டாலர். அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே 64 கிலோபைட்டோடு வந்த ஆப்பிள் IIஇ-யின் விலை 1,395 டாலர்! சில்லு தயாரிக்கும் மாஸ் டெக்னாலஜியை கமடோர் 1976-லேயே வாங்கியிருந்ததால், செயலி, படத்துக்கான சில்லு, ஒலிக்கான சில்லு எல்லாவற்றையும் வெளியே விலைகொடுத்து வாங்காமல் தானே செய்துகொள்ள முடிந்தது, விலை குறைந்ததற்கு அது முக்கியக் காரணம்.

சரி, 64 என்பது நினைவகம் என்று தெரிந்தவர்களிலும் சிலர் வேறொரு குறை சொல்வார்கள். கணினியைப் போட்டதும் திரையில் 38911 பைட் மட்டுமே மீதி என்று வருகிறதே, மிச்சம் எங்கே, பெயரே ஏமாற்றுதானே என்று. எனக்கு இதைக் கேட்டால்தான் அதிகமாக வருத்தம் வரும். அந்தச் செயலியால் எட்ட முடிந்த முகவரிகளே மொத்தம் 65,536. ஒரு முகவரிக்கு ஒரு பைட், 1,024 பைட் ஒரு கிலோபைட், அதாவது சரியாக 64 கிலோபைட். அதற்குள்தான் பேசிக் என்ற நிரல் மொழி, இயங்குவதற்கான அடிப்படை நிரல், எழுத்துருக்கள் என 20 கிலோபைட் ரோமும் (தயாரிக்கும்போதே எழுதப்பட்டு, படிக்க மட்டும் முடிகிற நினைவகம்) இடம்பிடிக்க வேண்டும். அதனால் ரோமை ராமின் மேல் போர்த்தியதுபோல வைத்து, 0, 1 ஆகிய இரண்டு முகவரிகளில் எழுதும் மதிப்பைக் கொண்டு எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று நிரல் எழுதுபவரே மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். திரையில் வரும் 38911, பேசிக்குக்கு ஒதுக்கிய பகுதி மட்டும், முகவரி 2048-லிருந்து 40959 வரை. 49152-லிருந்து இன்னொரு 4 கிலோபைட் அந்தக் கணக்கிலேயே வராது, இயந்திர மொழியில் எழுதியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பேசிக்கே வேண்டாம் என்று அந்த ரோமை மறைத்துவிட்டு அதன் அடியில் கிடந்த 8 கிலோபைட்டையும் எடுத்துக்கொண்ட விளையாட்டுகள் உண்டு. ராம் முழுவதும் உள்ளே இருந்தது, பெயர் உண்மையைத்தான் சொன்னது.

ஒரு கோடிக்கு மேல் விற்ற கணினி இது, இதில் நிரல் எழுதக் கற்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதனால் அடுத்த இதழில் சிறியதாகவாவது ஒரு திருத்தம் போடுங்கள். ‘64 பிட்’ என்ற இடத்தில் ‘64 கிலோபைட் ராம்’ என்று இருந்தாலே போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி