சோப்புப் பெட்டியை மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிஷ்வாஷர் ஓடி முடிந்தபின் கதவைத் திறந்தால் சோப்புத்தூள் கட்டிதட்டி அப்படியே இருக்கிறது. உடனே ‘டிஸ்பென்சர் (சோப்புப் பெட்டி) போச்சு’ என்று முழுப் பெட்டியையும் மாற்றிவிடுகிறார்கள். இந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்களாகச் சொல்கிறோம்: பல நேரம் பெட்டியில் கோளாறே இருப்பதில்லை.

முதலில் மூடியைக் கவனியுங்கள். மூடி திறந்திருந்தும் சோப்பு மிச்சமிருந்தால், பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. தண்ணீர்தான் அங்கே போய்ச் சேரவில்லை. கீழ்த்தட்டில் கதவை ஒட்டி நிறுத்திய அகலத் தட்டு ஒன்று மறைத்திருக்கலாம், அல்லது தண்ணீரைப் பீய்ச்சும் சுழல் கையான ஸ்ப்ரே ஆர்மின் துளைகள் அடைபட்டிருக்கலாம். ஆர்மைக் கழற்றி, துளைகளைக் குச்சியால் குத்திவிட்டு, குழாயடியில் அலசினால் போதும். ஈரப் பெட்டியில் தூளைப் போடுவதும் தவறு. முன்கழுவல் முடிந்து மூடி திறப்பதற்குள் தூள் இறுகிக் கல்லாகிவிடும். துடைத்துக் காயவிட்ட பிறகே தூளோ மாத்திரையோ போட வேண்டும்.

மூடி பூட்டியபடியே இருந்தால்தான் கொக்கிக்கு வர வேண்டும். பெட்டியை மூடிவிட்டு, கொக்கியை விரலால் விடுவித்துப் பாருங்கள். ஸ்பிரிங் மூடியைத் தள்ளித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் கீலிலும் கொக்கியிலும் சோப்புப் படிந்திருக்கிறது என்று பொருள். வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் வைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் கரைந்துவிடும். எண்ணெய் மட்டும் வேண்டாம். அது கழுவலில் ஓடிப்போகும். சிலவகை எண்ணெய்கள் ரப்பரையும் ஊதவைக்கும்.

கையால் நன்றாகத் திறக்கும் மூடி ஓட்டத்தில் மட்டும் திறக்கவில்லையா? அப்போது பெட்டியின் பின்னால் இருக்கும் வேக்ஸ் மோட்டாரையோ, மின்காந்தத்தால் கொக்கியை இழுக்கும் சோலினாய்டையோ சோதிக்கலாம். வேக்ஸ் மோட்டாருக்குள் மெழுகு சூடாகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ளுகிறது. அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மின்சாரம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் வரவில்லையே என்று அதைப் பழுதென ஒதுக்கிவிடக் கூடாது. வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடையை (ஓம்) பாருங்கள். சரியான எண் மாடலுக்கு மாடல் வேறுபடும். ஆனால் இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டினால் அது செத்துவிட்டது. எண் சரியாக வந்தும் வேலை செய்யவில்லை என்றால், வயரிலோ கட்டுப்பாட்டு போர்டிலோதான் தேட வேண்டும். புதுப் பெட்டி வாங்கினால் அதுவும் திறக்காது.

பெட்டியின் பின்பக்கம், அதாவது கதவுக்குள், போவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கதவின் உள்விளிம்பில் இருக்கும் திருகுகள் பெரும்பாலும் நட்சத்திரத் தலை கொண்டவை. டி15 அல்லது டி20 பிட் பொருந்தும். கடைசித் திருகுகளை எடுக்கும்போது வெளித்தகட்டை ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும். இங்கேதான் பலர் விரலை நசுக்கிக்கொள்கிறார்கள்: தகட்டின் எடை போனதும் கதவு ஸ்பிரிங் இழுப்பில் சட்டென்று மேலே எழும்பும். வயர்களைக் கழற்றும் முன் படம் எடுத்துவையுங்கள். பெட்டியைத் திருகுகள் பிடித்திருக்கலாம், இல்லையென்றால் மடித்த உலோக நாக்குகள் பிடித்திருக்கும். நாக்குகளைத் தேவைக்கு மேல் வளைக்காதீர்கள், ஒடிந்துபோகும். புதுப் பெட்டியின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் சுற்றிலும் உட்கார்ந்த பிறகு, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சிலிக்கான் பசை பூசினால் அடுத்த முறை கழற்ற முடியாது. தகட்டை மாட்டி ஒரு குறுகிய கழுவல் ஓட்டி, மறுபடி பிளக்கைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றி, உள்ளே உலர்ந்த காகிதத்தை ஒற்றிக் கசிவு பாருங்கள். தகடு இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

அதே பெட்டியில் இருக்கும் ரின்ஸ் எய்ட் (பாத்திரம் கறையின்றி உலர உதவும் திரவம்) மூடியையும் இறுக்கிப் பாருங்கள். அதன் ரப்பர் தேய்ந்தால் திரவம் முழுவதும் ஒரே ஓட்டத்தில் வடிந்து தேவையில்லாத நுரை கிளம்பும். அதைத் தொட்டிக் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு.

தயாரிப்பாளர்களுக்கு உங்கள் பக்கம் வழியாக ஒரு வேண்டுகோள். கொக்கி, ஸ்பிரிங், ரப்பர் வளையம், வேக்ஸ் மோட்டார் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்க வேண்டும். ஒரு ரப்பர் வளையம் கிடைக்காததால் நல்ல பெட்டி குப்பைக்குப் போவது எங்களுக்குப் பொறுக்கவில்லை. உதிரிபாக எண்ணைக் கதவின் விளிம்பில் உள்ள மாடல் தகட்டிலேயே அச்சிட்டால், வீட்டிலேயே பழுது பார்ப்பவர்கள் தவறான பாகம் வாங்கி ஏமாற மாட்டார்கள்.

இப்படிக்கு,
வீட்டுச் சாதனப் பழுது பார்ப்பவர்கள்